நாலாவது பட்டன்

“அப்போ நான் யார்கிட்ட கேட்கட்டும் மேடம்?”

என் டீமில் வேலை பார்த்தவர் இதைக் கோபமாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். அதனால்தானோ என்னவோ, இன்னும் மறக்க முடியவில்லை.

பில்லிங் மென்பொருள் மாறிய வாரம் அது. புதிய திரையில் பட்டன்களுக்குப் பெயர் கொடுக்காமல் வெறும் படங்களாக வைத்திருந்தார்கள். எங்களுக்கு ஒரு சிரமமும் இல்லை. அவருக்குப் பார்வை கிடையாது; திரையில் இருப்பதைக் குரலில் சொல்லும் என்விடிஏ என்ற மென்பொருள் படித்துச் சொல்வதைக் கேட்டுத்தான் வேலை செய்வார். ஒரு காதில் இயர்போன், இன்னொரு காது எங்களுக்கு. அன்று டேப் விசையைத் தட்டத் தட்ட, அது “பட்டன், பட்டன், பட்டன்” என்றே சொல்லிக்கொண்டிருந்தது.

மதியம் போய்ப் பார்த்தால் பில்கள் மளமளவென்று போய்க்கொண்டிருந்தன. எப்படி என்று கேட்டேன். பார்வையற்ற ஊழியர்கள் சேர்ந்து நடத்தும் ஒரு வாட்ஸ்அப் குழுவில் கேட்டாராம். வேறு கம்பெனியில் இதே மென்பொருளைப் பயன்படுத்தும் யாரோ ஒருவர் குரல் பதிவு அனுப்பியிருந்தார். எனக்கும் போட்டுக் காட்டினார்: “நாலாவதுதான் சேவ். மூணாவதைத் தொட்டுடாதீங்க, எல்லாம் அழிஞ்சிடும்.”

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். “ஆபீஸ் விஷயத்தை வெளி குரூப்ல கேட்காதீங்க, ஐடி பிரிவுக்குப் புகார் டிக்கெட் போடுங்க” என்றேன். அப்போதுதான் அந்தக் கேள்வி வந்தது. “டிக்கெட் போடுங்க” என்று இன்னொரு முறை சொன்னேன். “சரிங்க மேடம்” என்றார்.

வாடிக்கையாளர் விவரம் வெளியே போனால் கையெழுத்துப் போட்டவள் நான்தான் மாட்டுவேன். விதி தவறு என்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை. ஆனால் அவர் எந்த விவரத்தையும் அனுப்பவில்லையே! எது சேவ் பட்டன் என்றுதானே கேட்டார்?

டிக்கெட் வாரக்கணக்கில் கிடந்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு புதுத் திரைக்கும் பக்கத்து சீட்காரரைக் கூப்பிட வேண்டியதாயிற்று. வேகம் குறைந்தது. அந்த மாத அறிக்கையில் ‘வேகம் போதவில்லை’ என்று எழுதியதும் நான்தான். நான்கு மாதத்தில் அவராகவே விலகிவிட்டார்.

2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தை அப்புறம்தான் உட்கார்ந்து படித்தேன். அரசுப் பணியில் 4 சதவீத இட ஒதுக்கீடு இருக்கிறது. தனியாருக்கு அந்தக் கட்டாயம் இல்லை. அப்படியென்றால் எங்களைப் போன்ற இடத்துக்கு ஒருவர் எப்படித்தான் வந்து சேர்வார்? அவர் வந்ததும் அதே குழு வழியாகத்தான். எங்கள் விண்ணப்பப் பக்கத்தில், படத்தில் தெரியும் எழுத்தைப் பார்த்துத் தட்டச் சொல்லும் கேப்ட்சா இருந்தது, அதை அவரால் தாண்டவே முடியவில்லை. குழுவில் இருந்த எங்கள் கணக்குப் பிரிவு ஊழியர், அவருக்கும் பார்வை இல்லை, நேராக என்னிடம் வந்து “நல்லா வேலை பார்ப்பார் மேடம், நான் பொறுப்பு” என்றார். அந்த வார்த்தையை நம்பித்தான் எடுத்தேன். ஆள் எடுக்க உதவிய குழு, அவர் வேலையில் நிலைக்க உதவியபோது மட்டும் எனக்கு எப்படி வெளி குரூப் ஆனது?

ஒருவேளை நான் கூடுதலாகவே வருத்திக்கொள்கிறேனோ என்னவோ. அவருக்கு வேறு வேலை கிடைத்துவிட்டது, அதுவும் அந்தக் குழுவில் வந்த தகவலால்தான்.

போன மாதம் என் டீமில் ஓர் இடம் காலியானது. கணக்குப் பிரிவு ஊழியரிடம் போய், குழுவில் போடச் சொன்னேன்.

“போடுறேன் மேடம்” என்றார். கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம், “எந்த டீம்னு கேட்பாங்க மேடம்” என்றார்.