தண்ணீர் வடிந்தால் இரும்பு போடலாம்: ராணிப்பேட்டை, ஆம்பூர் ஆலைகளின் நடைமேடையும் படிக்கட்டும்

ஆலைக்குள் ஒரு மேல்தளமோ நடைமேடையோ படிக்கட்டோ வேண்டும் என்று பேச்சு வந்தவுடன், மரம், கான்கிரீட், இரும்பு இந்த மூன்றில் எது உறுதி என்றுதான் முதலில் கேட்கிறார்கள். ஒழுங்காகக் கணக்குப் போட்டுச் செய்தால் மூன்றும் தாங்கும். தோல் ஆலைகளும் ஷூ ஆலைகளும் நிறைந்த ராணிப்பேட்டை, மேல்விஷாரம், பேரணாம்பட்டு, ஆம்பூர், வாணியம்பாடி வட்டாரத்தில் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. அந்த இடத்தில் தண்ணீர் எங்கே நிற்கும், அதில் என்ன கலந்திருக்கும், மூன்று வருடம் கழித்தும் அந்த மெஷின் அங்கேயே இருக்குமா? இவற்றுக்குப் பதில் தெரிந்தால் எதைப் போடுவது என்பதும் தெரிந்துவிடும்.

பழைய ஷெட்டுக்குள் போடும் தளமாக இருந்தால் எடையைப் பார்த்தே பாதி முடிவு செய்துவிடலாம். 150 மி.மீ. கான்கிரீட் ஸ்லாப் சதுர மீட்டருக்கு 375 கிலோ. ஆள் ஏறுவதற்கு முன்பே அவ்வளவு. 6 மி.மீ. செக்கர்டு பிளேட் (வழுக்காமல் இருக்க மேலே புடைப்பு வரி போட்ட இரும்புத் தகடு) சுமார் 50 கிலோ. அடியில் வரும் ஆங்கிள் (L வடிவ இரும்பு), பீம் எல்லாம் சேர்த்தாலும் பெரும்பாலும் நூறைத் தாண்டாது. ஆள் மட்டும் நடக்கும் பாதைக்குச் சதுர மீட்டருக்கு 300 கிலோவும், வேலை செய்யும் மேடைக்கு 500 கிலோவும் பாரம் எடுத்துக் கணக்குப் போடுவது வழக்கம். மூட்டை அடுக்குவதாக இருந்தால் அதற்குத் தனிக் கணக்கு. கூரையை மட்டும் தாங்கக் கட்டிய பழைய தூணுக்கும் அஸ்திவாரத்துக்கும் இந்த வித்தியாசம் மிகப் பெரியது.

அடுத்தது நாள் கணக்கு. கான்கிரீட் போட்டால் 4.5 மீட்டர் வரையான ஸ்லாபுக்கு முட்டு 7 நாள் நிற்கவேண்டும், அதற்கு மேல் என்றால் 14 நாள். 6 மீட்டரைத் தாண்டிய பீமுக்கு 21 நாள். சவுக்குக் கட்டையும் ஜாக்கியும் நிற்கும் அத்தனை நாளும் கீழே மெஷின் ஓடாது. இரும்பை வெளியே பட்டறையில் வெட்டி, துளையிட்டு, பெயிண்ட் அடித்துக் கொண்டுவந்து ஒரு ஞாயிற்றுக்கிழமையில் போல்ட் போட்டுவிடலாம். இதில் நம் வட்டாரத்துக்கு ஒரு வசதி உண்டு. ராணிப்பேட்டையில் பெல் (BHEL) ஆலை இருப்பதால், அதை ஒட்டி வளர்ந்த ஃபேப்ரிகேஷன் பட்டறைகளில் வரைபடம் படிக்கத் தெரிந்த ஃபிட்டரும் நல்ல வெல்டரும் கிடைக்கிறார்கள். இந்த வேலைத்திறன் கையெட்டும் தூரத்தில் இருப்பது பெரிய பலம்.

மரத்தை ஒதுக்குவதற்குமுன் அதற்குரிய மரியாதையைக் கொடுத்துவிட வேண்டும். தோல் பதனிடும் ட்ரம் இன்றும் பெரும்பாலும் மரத்தில்தான் ஓடுகிறது. உப்பையும் ஆசிட்டையும் வருடக்கணக்கில் தாங்குகிறது, காரணம் அது எப்போதும் நனைந்தே இருக்கிறது. அதே மரத்தை நடைபலகையாகப் போட்டால் காலையில் நனையும், மதிய வெயிலில் காயும், மறுநாள் மீண்டும் நனையும். பலகை வெடிப்பதும், ஆணியைச் சுற்றி உளுத்து ஆணி தலை தூக்குவதும் இந்த ஈரமும் காய்ச்சலும் மாறி மாறி வருவதால்தான். கரையான் தனி. ஷூ ஆலையில் பசையும் சால்வென்ட்டும் புழங்கும் இடத்தில், ஆள் தப்பி ஓடவேண்டிய படிக்கட்டை மரத்தில் செய்வதைப் பற்றி யோசிக்கவே கூடாது.

அதற்காக எல்லா இடத்திலும் இரும்பைப் போட்டுவிட முடியாது. பச்சைத் தோலின் உப்பை உதறும் இடம், தோல் ஊறவைக்கும் குழி ஓரம், சுண்ணாம்புப் பகுதி, பிக்கிள் ட்ரம் (தோலை உப்பிலும் ஆசிட்டிலும் புரட்டும் ட்ரம்) ஓரம் ஆகிய நான்கிலும் இரும்பு தோற்கும். கால்வனைஸிங் (இரும்பின் மேல் துத்தநாகப் பூச்சு) செய்தால் போதும் என்று நினைக்கிறார்கள். துத்தநாகம் ஆசிட்டிலும் கரையும், கடுங்காரத்திலும் கரையும். பிக்கிள் தண்ணீரின் பி.எச். 3-க்கும் கீழே, சுண்ணாம்புத் தண்ணீரின் பி.எச். 12-க்கும் மேலே. இரண்டுமே துத்தநாகத்தை விட்டுவைக்காது. 304 ஸ்டெயின்லெஸ் ஸ்டீலையும் உப்பு புள்ளி புள்ளியாகக் குடைந்துவிடும். 316 அதைவிடத் தாங்கும், ஆனால் விலை அதிகம். அந்த இடங்களில் தரைமட்டத்துக்குக் கருங்கல்லோ ஆசிட் தாங்கும் டைலோ, உயரத்துக்கு ஃபைபர் கிரேட்டிங்கோ (வலைபோல் இடைவெளி விட்ட தளம்) போடுவதுதான் சரி. கான்கிரீட்டும் அங்கே முழுப் பத்திரமில்லை. சுண்ணாம்பு அதை ஒன்றும் செய்யாது, கந்தக அமிலம் அரிக்கும், உப்பு உள்ளே இறங்கிக் கம்பியைத் துருப்பிடிக்க வைக்கும். துரு கம்பியைவிட அதிக இடம் பிடிப்பதால் கான்கிரீட்டைப் பிளந்துகொண்டு வெளிவரும். அது வெளியே தெரியும்போது கம்பி மெலிந்து வெகுநாள் ஆகியிருக்கும். இரும்புத் தளத்தின் துருவோ முதல் நாளிலிருந்தே கண்ணில் படுகிறது, அந்த ஒரு பேனலை மட்டும் கழற்றி மாற்றவும் முடிகிறது. மற்ற இடங்களில் நாங்கள் இரும்பைச் சொல்வதற்கு இதுவே முதல் காரணம்.

1996 உச்ச நீதிமன்றத் தீர்ப்புக்குப் பின் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு இல்லாமல் டேனரி (தோல் பதனிடும் ஆலை) நடத்த முடியாது என்றானது. தொட்டிகளின் மேல் நடைபாதை, கழிவுநீரை வற்றவைக்கும் எவாபரேட்டரைச் சுற்றிய மேடை, பைப்லைனைத் தாண்டும் சிறு பாலம் என இரும்பு வேலை பெருகியது. திறந்தவெளியில் உள்ள இவற்றுக்குச் செக்கர்டு பிளேட் போடக்கூடாது, கிரேட்டிங்தான். மழையும் சிந்திய நீரும் நிற்காமல் விழுந்துவிடும். அக்னி நட்சத்திர வெயிலில் பிளேட் கொதிக்கும் அளவுக்குக் கிரேட்டிங் கொதிக்காது. செக்கர்டு பிளேட் போட்டே ஆகவேண்டும் என்றால் வாட்டம் கொடுங்கள், தாழ்ந்த பக்கம் 12 மி.மீ. துளைகள் விடுங்கள், அடியில் 600 மி.மீ.-க்கு ஒரு 50x50x6 ஆங்கிள் கொடுங்கள். 900 மி.மீ. இடைவெளியில் விட்டால் 6 மி.மீ. பிளேட் கால் பட்டதும் தொய்யும், சத்தம் போடும், தொய்ந்த குழியில் தண்ணீர் தேங்கும்.

கிரேட்டிங்கில் பெரும்பாலும் நடக்கும் தவறு ஒன்று இருக்கிறது, ஆபத்தானதும் அதுவே. 32x5 பட்டை 30 மி.மீ. இடைவெளியில் நிற்கும், குறுக்கே 100 மி.மீ.-க்கு ஒரு முறுக்குக் கம்பி. பாரத்தைச் சுமப்பது நிற்கும் பட்டை மட்டும்தான். குறுக்குக் கம்பி பட்டைகளைச் சாயாமல் பிடித்துக்கொள்வதோடு சரி. ஆகவே பட்டை ஒரு பீமிலிருந்து அடுத்த பீமுக்குப் போகவேண்டும். அப்படி வைத்தால் 1.5 மீட்டர் இடைவெளியிலும், சதுர மீட்டருக்கு 500 கிலோ பாரத்தில் 4 மி.மீ.-க்குள்தான் தொய்வு. ஏறக்குறைய சதுரமாக இருக்கும் பேனலைக் கழற்றிவிட்டுத் திரும்பப் போடும்போது 90 டிகிரி திருப்பி வைத்துவிடுகிறார்கள். மேலிருந்து பார்த்தால் வித்தியாசம் தெரியாது. ஆள் ஏறினால் பேனல் மடங்கும். வரைபடத்தில் பட்டையின் திசைக்கு அம்புக்குறி போடவேண்டும், பேனலிலும் பெயிண்டால் கோடு போடவேண்டும். பீம் மேல் குறைந்தது 25 மி.மீ. உட்கார வேண்டும், பேனலுக்கு நான்கு கிளிப். கிளிப் கழன்ற பேனல் நடக்க நடக்க நகர்ந்து ஒரு பக்கம் பீமை விட்டு இறங்கிவிடும். பைப் போக இடம் வெட்டினால் அறுபட்ட முனைகளைச் சுற்றிப் பட்டை வைத்து மூடி, துத்தநாகப் பெயிண்ட் அடிக்கவேண்டும். கால்வனைஸ் ஆன இடத்தில் வெல்டிங் வைப்பதற்குமுன் துத்தநாகத்தைக் கிரைண்டரால் எடுத்துவிட வேண்டும். அந்தப் புகையைச் சுவாசித்தால் வெல்டருக்கு அன்றிரவு காய்ச்சல் வரும்.

ஷூ ஆலைகளில் கணக்கு மாறும். அங்கே பெரும்பாலும் பெண்கள் வேலை செய்கிறார்கள். கிரேட்டிங் படியில் புடவைக் கரை மாட்டும், செருப்பின் குதி இறங்கும், கீழிருந்து பார்த்தால் மேலே தெரியும். எந்த டிசைன் புத்தகமும் இதை முதல் பக்கத்தில் எழுதுவதில்லை. எங்களுக்கு இது முதல் பக்கத்து விஷயம். ஆட்கள் தினமும் ஏறி இறங்கும் படிக்குத் தகட்டைத் தட்டுபோல் மடித்து, அதில் 40 மி.மீ. கான்கிரீட் நிரப்புங்கள். சத்தமும் அடங்கும். படிகளுக்கு நடுவே உள்ள திறப்பையும் தகட்டால் மூடிவிடுங்கள்.

படிக்கட்டின் அளவுக்கு ஓர் உதாரணம். தளத்திலிருந்து தளத்துக்கு 3 மீட்டர். 17 ஏற்றம் (படியின் உயரம்) வைத்தால் ஒவ்வொன்றும் 176.5 மி.மீ.; 16 மிதி (கால் வைக்கும் அகலம்), ஒவ்வொன்றும் 250 மி.மீ., மொத்தம் 4 மீட்டர் ஓட்டம். மேஸ்திரி மூலைமட்டம் பார்க்கும் 3-4-5 கணக்கை ஒட்டியதே இதுவும்: சாய்ந்து போகும் சேனல் (C வடிவ இரும்பு) சுமார் 5 மீட்டர். இரண்டு பக்கமும் 200 மி.மீ. சேனல், வெட்டுக்கும் இணைப்புக்கும் சேர்த்து 5.2 மீட்டர் வீதம் எடுத்தால் சுமார் 230 கிலோ. இரண்டு ஏற்றமும் ஒரு மிதியும் கூட்டினால் 600-ஐ ஒட்டி வரவேண்டும், இங்கே 603. கைப்பிடி 1 மீட்டருக்கும் 1.1 மீட்டருக்கும் நடுவே, இடையில் ஒரு குறுக்குக் கம்பி, மேடையின் ஓரத்தில் 100 மி.மீ. உயரத்துக்கு நிற்கும் டோ பிளேட். இந்த டோ பிளேட்டைத்தான் செலவு குறைக்க முதலில் வெட்டுகிறார்கள். மேலே வைத்த ஸ்பேனர் உருண்டு கீழே நிற்பவர் தலையில் விழாமல் தடுப்பது அது ஒன்றே. முடித்த தரையின் கனத்தை மறந்து அளவெடுத்தால் முதல் படியோ கடைசிப் படியோ மற்றவற்றைவிட 40 மி.மீ. குறைந்தோ கூடியோ நிற்கும். எல்லாரும் தடுக்குவது அந்தப் படியில்தான்.

கால்வனைஸிங்குக்கு அனுப்புமுன் மூடிய பைப் ஒவ்வொன்றிலும் காற்றுத் துளை இருக்கிறதா என்று பார்க்கவேண்டும். உள்ளே அடைபட்ட ஈரம் 450 டிகிரி துத்தநாகத் தொட்டியில் வெடிக்கும். 5 மி.மீ.-யும் அதற்கு மேலும் கனமுள்ள இரும்புக்குச் சதுர மீட்டருக்கு 610 கிராம் துத்தநாகம் ஏறவேண்டும். இரண்டு பக்கமும் சேர்த்து, 5 மி.மீ. தகட்டின் எடை அதனால் சுமார் 3 சதவீதம் கூடும். கிலோ கணக்கில் பட்டறைக்குப் பணம் கொடுக்கும்போது, எடை கால்வனைஸிங்குக்கு முன்பா பின்பா என்பதை ஆர்டரிலேயே எழுதிவிடுங்கள். பெயிண்ட் என்றால், காட்டன் வேஸ்ட்டால் துடைத்துவிட்டு அடிக்கும் ரெட் ஆக்ஸைடு வெளியிடத்துக்கு உதவாது. இரும்பின் மேலிருக்கும் கருஞ்செதிலோடு சேர்ந்து அது உரிந்து வரும். பிளாஸ்டிங் செய்து (துகள்களை வேகமாகப் பீச்சிச் செதிலை எடுத்து) எபாக்ஸி பெயிண்ட் அடிப்பதற்கு ஆகும் செலவை, அடிக்கடி சுரண்டி அடிக்கும் கூலியோடு வைத்துப் பாருங்கள்.

வெல்டிங்கை இடைவெளி விட்டு விட்டு வைத்தால் இடுக்கில் தண்ணீர் போய், பெயிண்ட் புதிதாக இருக்கும்போதே துரு கோடாக வழியும். வெளியிடத்தில் தொடர்ச்சியாக வைக்கவேண்டும். ஆனாலும் ஒரு நடைமேடை சாவது தளத்தில் இல்லை, தூணின் காலில். தரைமட்டத்தில் பேஸ் பிளேட்டை (தூணின் அடியில் வரும் தகட்டை) வைத்து அதன்மேல் தரை போட்டுவிடுவார்கள். கழுவிய உப்புத் தண்ணீர் பிளேட்டைச் சுற்றி நின்று, தரைக்கு இரண்டு விரல்கடை மேலே தூணை இடுப்புபோல் மெலிய வைக்கும். தூண் காலைத் தரைக்கு மேல் 200 மி.மீ. கான்கிரீட் பீடத்தில் உட்காரவைத்து, பிளேட்டுக்கு அடியில் சுருங்காத க்ரௌட் (சிமெண்ட் கலவை) நிரப்பி, பீடத்தின் மேல்பக்கத்தை வெளியே சரிவாக முடிக்கவேண்டும். கார்த்திகை மழை விட்டதும் ஒவ்வொரு தூண் காலையும் சுத்தியலால் தட்டிப் பாருங்கள். கணீரென்று கேட்டால் சரி. மொத்தென்று கேட்டால் துருவைச் சுரண்டி, மிஞ்சிய கனத்தை வெர்னியரில் அளந்து பாருங்கள். கால்பங்குக்கு மேல் போயிருந்தால் ஒட்டுத்தகடு வைத்து மூடவேண்டாம், அதற்கு அடியில் துரு தொடரும். மேலே இருக்கும் ஆட்களைக் கீழே இறக்கி, பீமுக்கு இரண்டு பக்கமும் ஜாக்கி கொடுத்து, 300 மி.மீ. உயரத்துக்குத் தூணை அறுத்தெடுத்து, புதுக் கால் வைத்து, பீடத்தையும் அப்போதே உயர்த்திவிடுங்கள். ஒரு நேரத்தில் ஒரு தூண் மட்டும்.