ரெஜிபோம் பெட்டியில் வல்லாரை: வளர்த்ததும் சாப்பிட்டதும்

திருகோணமலைச் சந்தையில் வல்லாரை கிடைக்காத நாள் குறைவு. ஒரு பிடி வாங்கினால் வீட்டுக்குச் சம்பல் போடப் போதும். அப்படியிருக்க வீட்டில் ஏன் வளர்க்க வேண்டும் என்று கேட்டவர்கள் பலர். எனக்கு இருந்த காரணம் ஒன்றுதான்: தண்ணீர்.

வல்லாரை ஈரத்தில் படரும் கொடி. வாய்க்கால் ஓரம், வயல் வரம்பு, குளத்தடி, ஊர்க் கழிவுநீர் ஓடும் வடிகால் என்று எங்கே ஈரம் நிற்கிறதோ அங்கே வேர் விடும். வயலுக்கு அடித்த மருந்து, மாட்டுச் சாணி, எலிக்காய்ச்சலைப் பரப்பும் எலிச் சிறுநீர் என்று அந்த ஈரத்தில் எது கலந்தாலும் இலையில் படும். ஈயம், கட்மியம் போன்ற பார உலோகங்கள் மண்ணில் இருந்தால் அவற்றையும் இந்தச் செடி வேரால் உறிஞ்சிக்கொள்ளும். அப்படி உள்ளே போனதைக் கழுவி எடுக்க முடியாது. முளைக்கீரையையும் பசளியையும் அவித்துச் சாப்பிடுகிறோம். வல்லாரையைப் பெரும்பாலும் பச்சையாகவே சாப்பிடுகிறோம். நடுவில் அடுப்பு இல்லை. அதனால்தான் இது என்ன நோய்க்கு நல்லது என்று கேட்பதற்கு முன், எந்தத் தண்ணீரில் வளர்ந்தது என்று கேட்க வேண்டும் என்கிறேன்.

மாரி முடிந்த கையோடு

தை மாதம் மழை ஓய்ந்ததும் தொடங்கினேன். மீன் வாடிகளில் ஐஸ் போட்டு மீன் அனுப்பும் ரெஜிபோம் (வெள்ளை நுரைப் பிளாஸ்டிக்) பெட்டி, விளிம்பு உடைந்தால் ஒதுக்கிவிடுவார்கள். அதில் இரண்டு வாங்கி வந்து, சவர்க்காரம் போட்டுத் தேய்த்து, உப்பும் வாடையும் போகும்வரை தண்ணீர் ஊற்றி வெயிலில் காயவைத்தேன். அடியில் துளைகள் போட்டேன். வல்லாரைக்கு ஈரம் வேண்டும், ஆனால் தண்ணீர் தேங்கி நாறக் கூடாது.

மண்ணுக்குச் செம்மண், மக்கிய மாட்டெரு, தும்புத்தூள் (தேங்காய் நார்த்தூள்) மூன்றும் சேர்த்தேன். தும்புத்தூளில் உப்பு இருக்கும். ஊறவைத்துப் பிழிந்து, திரும்பவும் ஊறவைத்துப் பிழிந்த பிறகுதான் கலக்கலாம். எரு கறுத்து, மண்வாசனை வரும்வரை மக்கியிருக்க வேண்டும். பச்சையாகச் சாப்பிடும் கீரைக்குப் பச்சைச் சாணி போடவே கூடாது. வயிற்றோட்டக் கிருமியும் பூச்சி முட்டையும் நேரே சாப்பாட்டுக் கோப்பைக்கு வந்துவிடும்.

கொடி தம்பலகாமத்தில் இருக்கும் சித்தி வீட்டில் இருந்து வந்தது. விதை தேவையில்லை. கொடியின் ஒவ்வொரு கணுவிலும் மேலே இலைக்காம்பு, கீழே வெள்ளை நூலாக வேர். இரண்டு மூன்று கணுவுடன் வெட்டி, கணுவை மட்டும் மண்ணுக்குள் அமுக்கி, இலையை வெளியே விட்டேன். முதல் கிழமை இலைகள் மஞ்சளாகிச் சோர்ந்தன. அது வழமைதான். பழைய இலை போனாலும் கணு காயாமல் இருந்தால் உள்ளிருந்து சுருண்ட குருத்து வரும். அப்படியே வந்தது.

கொடி எடுக்கும் இடத்தில் இலையைப் பிரட்டிப் பாருங்கள். அழகுக்கு வளர்க்கும் நீர்வல்லாரை வகைகள் சில தூரத்தில் இருந்து பார்த்தால் வல்லாரை மாதிரியே இருக்கும். அவற்றில் இலை முழு வட்டம், பளபளப்பு, காம்பு நட்ட நடுவில் குடைக்கம்பி போல வந்து சேரும். உண்மையான வல்லாரையில் ஒரு பக்கம் ஆழமான வெட்டு இருக்கும், அந்த வெட்டுக்குள்தான் காம்பு சேரும். விளிம்பில் மழுங்கிய பற்கள். கசக்கி மணந்தால் பச்சை வாசனையுடன் மெல்லிய கொத்தமல்லி வாடையும் வரும். வல்லாரையும் கொத்தமல்லியும் ஒரே குடும்பம், கரட்டும் அதே குடும்பம். அதனால் கரட், கொத்தமல்லி, சீரகம் ஒவ்வாதவர்கள் வல்லாரையிலும் கவனமாக இருக்க வேண்டும்.

கச்சான் காலம்

சித்திரைக்குள் இரண்டு பெட்டியும் நிரம்பிவிட்டன. பிறகுதான் சோதனை. வைகாசிக்குப் பிறகு மேற்கில் இருந்து வீசும் கச்சான் இருக்கிறதே, துணியைக் கூடக் கொஞ்ச நேரத்தில் மொறமொறவென்று காயவைத்துவிடும். காலையில் ஊற்றிய தண்ணீர் மத்தியானத்துக்கு மண்ணில் இல்லை. பெட்டிகளை மாமரத்துக்குக் கிழக்கே நகர்த்தினேன். காலை வெயில் படும், பின்னேர வெயிலும் காற்றும் மரத்தில் நின்றுவிடும். மண்ணுக்கு மேல் காய்ந்த வாழைச் சருகைப் பரப்பினேன்.

நிழலுக்கு வந்த பிறகு இலையே மாறிவிட்டது. வெயிலில் இருந்தபோது காம்பு குட்டை, இலை சின்னது, தடிப்பு, கசப்பும் கூட. நிழலில் காம்பு நீண்டு, இலை அகன்று மெல்லியதாகி, சம்பலுக்கு அருமையாக வந்தது.

இரண்டு பெட்டிக்கும் வேண்டுமென்றே வேறு வேறு தண்ணீர் விட்டேன். ஒன்றுக்குக் குழாய்த் தண்ணீர், கந்தளாய்க் குளத்தில் இருந்து வருவது. குளோரின் போக இரவு வாளியில் திறந்து வைத்து மறுநாள் ஊற்றினேன். மற்றதற்கு எங்கள் கிணற்றுத் தண்ணீர். உப்புவெளியில் கடலுக்குக் கிட்ட இருக்கும் வீடு எங்களுடையது. மாரியில் நல்ல தண்ணீர், கோடையில் உவர் ஏறும். சித்திரை வரை வித்தியாசம் தெரியவில்லை. ஆடி பிறந்ததும் கிணற்றுப் பெட்டியில் இலை விளிம்பு கருகத் தொடங்கியது. முதலில் பற்களின் நுனியில் மண்ணிறப் புள்ளி, பிறகு அது கோடாகி விளிம்பு முழுவதும் ஓடியது. புதுக்கொடி விடுவதும் நின்றது. குழாய்ப் பெட்டி அதே வெயிலில், அதே நிழலில் பச்சையாகவே இருந்தது. கரையோரத்தில் வளர்க்க நினைப்பவர்கள் கோடையில் கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுப் பார்த்துவிட்டு ஊற்றுங்கள்.

சமையலறையில்

இலையை இழுத்துப் பிடுங்காமல் கத்தரியால் காம்போடு வெட்டுகிறேன். கொடி அப்படியே இருக்கும், சில கிழமையில் திரும்ப நிறைந்துவிடும். இளம் காம்பும் சாப்பிடலாம்.

கழுவும் வேலையில் அவசரம் கூடாது. ஓடும் தண்ணீரில் இலையின் அடிப்பக்கமும் காம்பும் படும்படி கழுவி, உப்புத் தண்ணீரில் கொஞ்ச நேரம் போட்டு, திரும்ப நல்ல தண்ணீரில் அலசுகிறேன். உப்பு, பூச்சியையும் குட்டி நத்தையையும் கழற்றிவிடும். ஆனால் எல்லாக் கிருமியையும் அது கொல்லும் என்று நம்ப வேண்டாம். நத்தை ஊர்ந்த கோடு தெரிந்த இலைகளை நான் எறிந்துவிடுகிறேன். நத்தைகளில் இருக்கும் ஒரு வகைப் புழு மனிதரின் மூளையைத் தாக்கக்கூடியது.

சம்பலுக்கு இலைகளை ஒன்றின் மேல் ஒன்று அடுக்கி இறுக்கிச் சுருட்டி, கூர்க்கத்தியால் நூல் நூலாக அரிய வேண்டும். மொட்டைக் கத்தியால் நசுக்கினால் சாறு வெளியே வந்து கறுத்துக் கசக்கும். சின்ன வெங்காயம், பச்சைமிளகாய், தேங்காய்ப்பூ, மாசித்தூள் (மாசிக் கருவாட்டுத் தூள்), உப்பு எல்லாவற்றையும் முதலில் கையால் பிசைந்து, வல்லாரையைக் கடைசியில் போட்டுக் கிளறினால் போதும். தேசிக்காய் பிழிவது சாப்பிட இருக்கும் நேரத்தில். அந்தப் புளிப்பு ருசிக்கு மட்டுமல்ல. கீரையில் உள்ள இரும்புச் சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள தேசிக்காயின் விற்றமின் சி உதவும். சாப்பிட்ட கையோடு தேத்தண்ணீர் குடித்தால் அது அந்த இரும்பைத் தடுக்கும், ஒரு மணித்தியாலமாவது கழித்துக் குடியுங்கள்.

காலையில் இலைக்கஞ்சியும் வைக்கிறேன். சிவப்பரிசியை உள்ளியுடன் குழைய அவித்து, தேங்காய்ப்பால் விட்டு, வல்லாரையை அரைத்து வடித்த சாற்றைக் கடைசியில் ஊற்றி ஒரு கொதி வந்ததும் இறக்குவது. சின்னப் பிள்ளைகள், வயதானவர்கள், பிள்ளைத்தாச்சிகள் இருக்கும் வீட்டில் பச்சைச் சம்பலைவிட இந்தக் கஞ்சியையே நான் சொல்வேன். கொதித்தது கொதித்ததுதான்.

நினைவாற்றல், புண், கால் வீக்கம்

பெட்டி நிரம்பியதைக் கண்டு பக்கத்து வீட்டு அக்கா மதிலடிக்கு வந்தா.

"தங்கச்சி, மகனுக்கு ஓ.எல். சோதனை வருது. ஒவ்வொரு நாளும் வெறும் வயித்தில சாறு அடிச்சுக் குடுக்கலாமோ?"

"வேண்டாம் அக்கா. கிழமையில ரெண்டு நாள் சம்பலாப் போடுங்கோ, போதும். அவனை நேரத்துக்குப் படுக்க விடுங்கோ."

எங்கள் ஊரில் வல்லாரை என்றதும் நினைவாற்றல் என்றுதான் வாயில் வரும். அதை நம்பியே நானும் வளர்ந்தேன். ஆனால் மனிதர்களுக்குக் கொடுத்துப் பார்த்த பல ஆய்வுகளைச் சேர்த்து 2017இல் வெளியான மீளாய்வு ஒன்று, நினைவு, கவனம் போன்ற அறிவுத் திறன்களில் குறிப்பிடும்படியான முன்னேற்றம் எதுவும் தெரியவில்லை என்றது. மனம் கொஞ்சம் விழிப்பாக இருப்பதற்கும் எரிச்சல் தணிவதற்கும் உதவக்கூடும் என்று அதே மீளாய்வு சொன்னது. சோதனைக்கு முந்திய மாதம் கோப்பை கோப்பையாகச் சாறு குடிக்க வைப்பதற்கு இது போதாது.

வல்லாரைக்கு நல்ல ஆதாரம் இருப்பது தோல் பக்கத்தில். 1940களில் மடகஸ்காரில் வளர்ந்த வல்லாரையை ஆராய்ந்தவர்கள் அதில் இருந்து ஏசியாட்டிகோசைட் என்ற பொருளைப் பிரித்தெடுத்தார்கள். புண் ஆறும்போது தோல் திரும்பக் கட்டும் கொலாஜன் உருவாக அதுவும் அதன் கூட்டுப் பொருள்களும் துணை செய்கின்றன. அவற்றைச் சேர்த்த களிம்புகள் பல நாடுகளில் விற்கப்படுகின்றன. கால் நாளங்களில் இரத்தம் தேங்கி வீங்குபவர்களிடம் செறிவாக்கிய வல்லாரைச் சாரத்தைக் கொடுத்த சிறிய ஆய்வுகளும் ஓரளவு பலன் காட்டின.

இதைப் படித்துவிட்டுப் பெட்டியில் இருந்து இலையைப் பறித்து அரைத்துத் திறந்த புண்ணில் அப்பாதீர்கள். களிம்பு சுத்தமாகச் செய்தது, நம் இலையில் மண்ணும் கிருமியும் இருக்கும். நீரிழிவுக்காரரின் கால் புண்ணில் இது கூடவே கூடாது. புண் இல்லாத தோலிலும் சிலருக்கு இலை பட்டால் சிவந்து கடிக்கும்.

அளவு

உணவாக வரும் வல்லாரை வேறு, மாத்திரையாக வரும் வல்லாரை வேறு. உலக சுகாதார நிறுவனத்தின் மூலிகைக் குறிப்பில் காய்ந்த இலைக்குச் சொல்லியிருக்கும் அளவு ஒரு வேளைக்கு 0.33 முதல் 0.68 கிராம் வரை, நாளைக்கு மூன்று வேளை. மொத்தம் கூடினால் ஏறத்தாழ இரண்டு கிராம்தான். கரண்டி கரண்டியாகப் பொடியைத் தேனில் குழைத்துச் சாப்பிடுபவர்கள் இந்தக் கணக்கைப் பார்க்க வேண்டும்.

2005இல் ஆர்ஜென்டீன மருத்துவர்கள் மூன்று பெண்களைப் பற்றி எழுதினார்கள். வல்லாரை மாத்திரையை 20 முதல் 60 நாள் வரை எடுத்த அவர்களுக்கு ஈரல் அழற்சி வந்து கண் மஞ்சளானது. நிறுத்தியதும் குணமானது. இப்படி நடப்பது அரிது. ஆனாலும் வல்லாரை மாத்திரையோ செறிவான சாறோ எடுக்கும்போது கண் மஞ்சளானால், சிறுநீர் கடும் நிறமானால், காரணமில்லாமல் உடம்பு கடித்து ஓங்காளம் வந்தால் உடனே நிறுத்திவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். ஏற்கெனவே ஈரல் வருத்தம் உள்ளவர்களும் காசநோய் மருந்து எடுப்பவர்களும் மாத்திரைப் பக்கமே போகாமல் இருப்பது நல்லது. நித்திரைக் குளிசை, வலிப்பு மருந்து எடுப்பவர்களுக்கு மயக்கத்தைக் கூட்டலாம். சத்திரசிகிச்சை இருந்தால் இரண்டு கிழமைக்கு முன்பே நிறுத்தி, டொக்டரிடமும் சொல்லுங்கள். கர்ப்பகாலத்தில் மாத்திரையும் பொடியும் வேண்டாம்.

மருந்தாக எடுக்கத்தான் வேண்டும் என்றால் கேட்பதற்கு நமக்கு இடம் இருக்கிறது. கப்பல்துறையில் ஆயுள்வேத வைத்தியசாலை இருக்கிறது. கோணேசபுரியில் உள்ள கிழக்குப் பல்கலைக்கழகத்தின் திருகோணமலை வளாகத்தில் சித்த மருத்துவம் பட்டப்படிப்பாகவே நடக்கிறது, அங்கே படித்து வெளியே வந்த வைத்தியர்கள் மாவட்டத்தில் இருக்கிறார்கள். மற்ற மருந்துகளின் சீட்டையும் கையோடு கொண்டு போய்க் காட்டுங்கள். எந்த மருந்தோடு எது சேரும் என்பதை அடுத்த வீட்டுக்காரரோ நானோ சொல்ல முடியாது.

எங்கள் வீட்டில் கிழமைக்கு இரண்டு முறை சம்பலோ கஞ்சியோ, அவ்வளவுதான். அம்மா நாள்பட்ட மருந்துகள் எடுப்பதால் அவவுக்குக் கஞ்சி மட்டும், அதுவும் கிளினிக்கில் டொக்டரிடம் கேட்ட பிறகு.

இப்போது

ஐப்பசி மழை தொடங்கிவிட்டது. ஈரம் கூடியதும் நத்தை வந்துவிட்டது. பெட்டிகளைச் செங்கல் மேல் தூக்கி வைத்து, இரவில் டோர்ச் அடித்துப் பொறுக்குகிறேன், நத்தை மருந்து போடவில்லை. கையுறை போட்டுக்கொண்டுதான் பொறுக்க வேண்டும். கனத்த மழையில் மண் தெறித்து இலையில் ஒட்டுவதால் சாய்ப்புக்குக் கீழே நகர்த்தியும் இருக்கிறேன். பக்கத்து வீட்டு அக்காவுக்கு ஒரு பெரிய பூச்சாடியில் கொடி வைத்துக் கொடுத்தாயிற்று.

கிணற்றுத் தண்ணீர்ப் பெட்டியை மட்டும் மழையிலேயே விட்டிருக்கிறேன். மண்ணில் ஏறிய உப்பு மழையோடு அடித்துளை வழியாக இறங்கினால் கருகாத புது இலை வர வேண்டும். இப்போதைக்கு ஒரு மூலையில் மட்டும் குருத்து தெரிகிறது. தையில் வெட்டும்போது அதே பெட்டி இலையிலும் ஒரு சம்பல் போட்டுப் பார்த்துவிட்டு எழுதுகிறேன்.