போவானாவும் ஹிப்சிபோவாஸும் ஒரே கிளைக்கு வந்த கதை

எந்த இனம் எதற்கு நெருங்கிய உறவு என்று காட்டும் மரபுவழி மரம் ஒன்றைச் சென்ற மாதம் வரைந்தேன். அதில் போவானா பங்க்டாட்டா ஓர் இடத்திலும், ஹிப்சிபோவாஸ் பங்க்டாட்டஸ் நான்கு கிளை தள்ளி வேறோர் இடத்திலும் நின்றன. இரண்டும் ஒரே தவளை. அர்ஜென்டினாவின் சாந்தா ஃபே அருகே பிடிக்கப்பட்டு, புற ஊதா ஒளியில் நீலப்பச்சையாக ஒளிர்கிறது என்று 2017இல் செய்தியான அதே புள்ளி மரத்தவளைதான். ஒரே உயிரினம் இரண்டாகப் பிரிந்து நின்றதைக் கண்டதும் முதலில் மென்பொருளைத்தான் சந்தேகித்தேன். இரண்டு இரவுகள் அமைப்புகளை மாற்றி மாற்றி ஓட்டியும் பார்த்தேன். பிழை மென்பொருளில் இல்லை, என் பெயர்ப் பட்டியலில் இருந்தது.

அமெரிக்க வெப்பமண்டல மரத்தவளைகளில் 84 சிற்றினங்களை எடுத்துக்கொண்டு, 16எஸ் என்ற ஆர்என்ஏ மரபணுவின் வரிசையையும் ரேக்-1 மரபணுவின் வரிசையையும் இணைத்து மரம் வரைவதுதான் திட்டம். ஜென்பேங்க் என்ற பொது மரபணுத் தரவுத்தளத்திலிருந்து 16எஸ் கோப்பை 2015இலேயே இறக்கி வைத்திருந்தேன். ரேக்-1 கோப்பை 2019இல் இறக்கினேன். முதல் கோப்பில் ஹிப்சிபோவாஸ், இரண்டாவதில் போவானா. பெயரை வைத்து இரண்டு கோப்புகளையும் இணைத்ததால், மரத்தில் ஓர் இனம் நிற்கும் கிளை முடிவான நுனிகளில், ஒரு நுனிக்கு 16எஸ் மட்டும், மற்றொரு நுனிக்கு ரேக்-1 மட்டும் கிடைத்தது. பொதுவான ஓர் எழுத்துகூட இல்லாத இரண்டு நுனிகளை எந்த நிரலாலும் ஒன்றாகச் சேர்த்து வைக்க முடியாது; அவை எங்கே ஒட்டினாலும் கேட்பதற்கு ஆளில்லை.

இதற்கு முந்தைய முயற்சியைச் சொல்லவே கூச்சமாக இருக்கிறது. பழைய அட்டவணை ஒன்றில் தென்னமெரிக்கத் தவளைகள் எல்லாம் ஹைலா என்ற பேரினப் பெயரிலேயே இருந்தன. அவற்றில் பெரும்பாலானவை இப்போது போவானாதானே என்ற துணிச்சலில், எக்ஸெலில் ஹைலாவைத் தேடி போவானா என்று மொத்தமாக மாற்றினேன். போக்கர்மன்னோஹைலா அந்த நொடியில் போக்கர்மன்னோபோவானா ஆயிற்று. பிளெக்ட்ரோஹைலா, இஸ்த்மோஹைலா, டூயல்மனோஹைலா ஆகியவற்றுக்கும் அதே கதி. அதோடு, பழைய ஹைலாவில் கணிசமானவை போவானாவே அல்ல, டென்ட்ராப்சோஃபஸ் என்ற வேறு பேரினம் என்பதும் அப்போதுதான் உறைத்தது.

இந்தக் குழப்பத்தின் வேர் 2005இல் இருக்கிறது. ஃபைவோவிச்சும் அவருடைய குழுவினரும் அமெரிக்க இயற்கை வரலாற்று அருங்காட்சியகத்தின் புல்லட்டினில் வெளியிட்ட மறுஆய்வு, ஹைலா என்ற பெரும் மூட்டையை அவிழ்த்து, பல பேரினங்களாகப் பிரித்தது. 30 குரோமோசோம்கள் கொண்டவை டென்ட்ராப்சோஃபஸுக்குப் போயின. உடல் பெரிய பல தவளைகள், வாக்லர் 1830இல் சூட்டிய ஹிப்சிபோவாஸ் என்ற பெயரின் கீழ் வந்தன. பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 1825இல் கிரே வைத்த போவானா என்பதே முந்திய பெயர் என்று துபுவா எடுத்துக்காட்டியதும், மொத்தக் கூட்டமும் மறுபடி பெயர் மாறியது. இதற்கிடையே 2016இல் டூயல்மன் குழுவினர் ஹைலாவையும் இரண்டாக்கி, வட அமெரிக்க இனங்களை டிரையோஃபைட்டிஸ் ஆக்கினார்கள். அந்தப் பிரிப்பை ஏற்றால், ஒரு காலத்தில் அமேசான் முழுவதும் பரவியிருந்த ஹைலா என்ற பெயருக்கு இன்று அமெரிக்கக் கண்டங்களில் ஒரு தவளைகூடக் கிடையாது; மேகாலயத்தின் காசி மலையில் ஹைலா அன்னெக்டன்ஸ் இருக்கிறது, பிரேசிலில் ஹைலா இல்லை. எனக்கு இது இன்னும் பழகவில்லை.

பேரினப் பெயரை மட்டும் மாற்றினால் போதும் என்று நினைத்ததுதான் என் மூன்றாவது தவறு. லத்தீன் இலக்கணப்படி ஹிப்சிபோவாஸ் ஆண்பால், போவானா பெண்பால். சிற்றினப் பெயர் உரிச்சொல்லாக இருந்தால் அதுவும் பால் மாற வேண்டும் என்பது விலங்குப் பெயரீட்டு விதி: பங்க்டாட்டஸ் பங்க்டாட்டா ஆகும், அல்போபங்க்டாட்டஸ் அல்போபங்க்டாட்டா ஆகும். ஆனால் ஃபேபர் மாறாது, ஏனெனில் அது கொல்லன் என்ற பெயர்ச்சொல். சம்மட்டி அடிப்பதுபோல் கத்துவதால் வந்த பெயர். ரோசன்பெர்கி ஒருவரின் பெயரிலிருந்து வந்த வேற்றுமை வடிவம், அதுவும் மாறாது. கிரெபிடன்ஸ் உரிச்சொல்போல் இயங்கினாலும், இரண்டு பாலிலும் அதற்கு ஒரே வடிவம். ஆகவே விகுதியை வைத்துச் சூத்திரம் எழுதி இதைக் கணினியிடம் ஒப்படைக்க முடியாது. ஒவ்வொரு பெயரையும் கையால் பார்த்தே ஆக வேண்டும். லத்தீன் அகராதியைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மூன்று ஞாயிற்றுக்கிழமைகளை இதற்கே செலவிட்டேன், அதில் எனக்கு வருத்தம் இல்லை.

இறுதியில் கைகொடுத்தது எளிய வழிதான். இணைப்புச் சாவியாகப் பெயரைப் பயன்படுத்துவதையே விட்டுவிட்டு, ஜென்பேங்கின் சிற்றின எண்ணை முதல் நெடுவரிசையில் வைத்தேன்; பெயர் எத்தனை முறை மாறினாலும் அந்த எண் மாறுவதில்லை. அடுத்து வரிசையின் பதிவு எண், அதன் பிறகு 2005க்கு முந்தைய பெயர், 2005இன் பெயர், இன்றைய பெயர், பால் என்று தனித்தனி நெடுவரிசைகள். மரம் வரையும் நிரலுக்கு எண் மட்டுமே போகிறது. படம் வந்த பிறகுதான் பெயர் ஏறுகிறது. இதைத் தொடக்கத்திலேயே செய்திருந்தால் இரண்டு மாதம் மிச்சமாகியிருக்கும்.

16எஸ் வரிசைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் பொருத்தும் வேலை வேறொரு தலைவலி. ஆர்என்ஏ மடிந்து ஜோடி சேரும் தண்டுப் பகுதிகள் ஒழுங்காக அமைகின்றன; ஜோடி சேராமல் வளைந்து நிற்கும் கண்ணிப் பகுதிகளில்தான் இடைவெளிகள் கண்டபடி விழுகின்றன. மாஃப்ட் நிரலில் ஆர்என்ஏ மடிப்பையும் கணக்கில் கொள்ளும் முறையைத் தேர்ந்ததும் என் மடிக்கணினி இரவு முழுவதும் இரைந்துகொண்டிருந்தது. பயன்படுத்திய நினைவகச் சில்லு ஒன்றை வாங்கிப் போட்டேன். விற்றவர் சொன்ன வேகம் அதில் இல்லை.

எப்படியோ மூன்றாம் ஓட்டத்தில் 84 நுனிகளும் 84 தவளைகளாகவே வந்தன. போவானா ஒரே கிளையாக, 98 ஆதரவுடன் நின்றது (ஒரு கிளையை எவ்வளவு நம்பலாம் என்பதற்கு நூற்றுக்குக் கிடைக்கும் மதிப்பெண்தான் ஆதரவு). டென்ட்ராப்சோஃபஸ் அதைவிட உறுதியாக இருக்கிறது. சைனாக்ஸ் என்ற பேரினம்தான் அடங்கவில்லை: அதிலிருந்து ஒலோலைகனைப் பிரிக்கும் 2016இன் யோசனைக்கு என் மரத்தில் 71 ஆதரவுதான், அதை வைத்துக்கொண்டு எந்தப் பக்கமும் பேச முடியாது. இன்னும் பத்துப் பன்னிரண்டு இனங்களைச் சேர்த்து மறுபடி ஓட்டிய பிறகே, வீட்டு வரைபடம் அச்சிடும் கடையில் ஏ1 தாளில் எடுக்க வேண்டும். போன முறை அங்கே கிளைக் கோடுகள் மயிரிழையாகி மறைந்துவிட்டன, இம்முறை கோட்டின் தடிமனை இரட்டிப்பாக்கியிருக்கிறேன்.

அந்த வேலை முடியும் முன்பே இலைத்தவளைகளின் கோப்பையும் திறந்துவிட்டேன். அங்கே பால் மாற்றம் எதிர்த்திசையில் போகிறது: பெண்பாலான ஃபில்லோமெடூசாவிலிருந்து ஆண்பாலான பித்தகோபஸுக்கு வந்ததால், அசூரியா இப்போது அசூரியஸ்.