அந்தக் காலணாவை எப்படி வாசிப்பது?

கதைகளை ஒலிப்புத்தகமாக வாசிக்கும் வேலைக்கு வந்து நாலு வருஷம் ஆகிறது. ஒலிப்பதிவுக்கு முந்தைய நாள் கதையை அச்செடுத்து, வரிக்கு வரி ஓரத்தில் 'பயம்', 'எரிச்சல்', 'நிம்மதி' என்று பென்சிலால் எழுதி வைத்துக்கொள்வேன். புதுமைப்பித்தனின் 'கடவுளும் கந்தசாமிப் பிள்ளையும்' வரும்வரை இது ஒழுங்காகத்தான் போயிற்று. (அவர் எழுத்து 2002இல் நாட்டுடைமை ஆகிவிட்டதால் உரிமைத் தொல்லை இல்லை.)

1943இல் கலைமகளில் வந்த கதை. பிராட்வேயும் எஸ்பிளனேடும் கூடுகிற முனையில் பிள்ளை ஓரமாக நின்று யோசிக்கிறார். டிராமில் போனால் காலணா மிஞ்சும், வெற்றிலை போடலாம். பஸ்ஸில் கண்டக்டரை ஏய்த்து, சென்ட்ரல் தாண்டி டிக்கெட் எடுத்தால் அரைக் கப் காப்பி குடிக்கலாம். ஆனால் வெற்றிலை கிடையாது.

ஓரத்தில் எழுதினேன்: கவலை, ஆசை, குற்றவுணர்ச்சி, ஏக்கம். கவலைக்குக் குரலைத் தாழ்த்தி, ஏக்கத்துக்குப் பெருமூச்சு விட்டு வாசித்தேன். கண்ணாடிக்கு அந்தப் பக்கமிருந்து ஒலிப்பதிவுத் தம்பி சொன்னார்: "சார், எழவு வீடு மாதிரி இருக்கு. அவரு கணக்குல்ல போட்டுட்டு இருக்காரு?" அப்புறம், "காலணான்னா எவ்வளவு சார்?"

ரூபாயில் அறுபத்து நாலில் ஒரு பங்கு. அதைச் சொல்லும்போதே என் தவறு புரிந்தது. இத்தனூண்டு காசு இருந்த இடத்திலேயே இருக்கிறது. அதைச் சுற்றி மனசுதான் ஓடுகிறது. எழுதியதை அழித்துவிட்டு, 'வெற்றிலை உண்டு', 'காப்பி வந்தது, வெற்றிலை போச்சு', 'நேற்றே குடித்திருக்கலாம்' என்று எழுதினேன். குற்றவுணர்ச்சி என்று நான் நினைத்த இடம் அதுவே இல்லை. கண்டக்டரை ஏமாற்றுவது தர்மமா என்பதையும் அவர் கணக்கில் ஒரு செலவாகத்தான் சேர்க்கிறார். அங்கே குரல் தழுதழுக்கக் கூடாது, கறாராக இருக்க வேண்டும். காப்பி என்ற சொல்லுக்கு முன்னால் மட்டும் அரை நொடி விட்டேன். நாக்கு ஊற அவ்வளவு நேரம் வேண்டும்.

அந்த நேரம் பார்த்துக் கடவுள் வந்து திருவல்லிக்கேணிக்கு வழி கேட்கிறார். இதுவரை டிராமா பஸ்ஸா என்று தடுமாறியவர், டிராமிலும் போகலாம், பஸ்ஸிலும் போகலாம், நடந்தும் போகலாம் என்று அடுக்குகிறார். தனக்குத் தீராத குழப்பம் அடுத்தவர் கேட்டதும் உபதேசமாகிவிடுகிறது! எனக்கு இந்தத் திருப்பம் கடவுள் வந்ததைவிடப் பெரிய அதிசயம். 'கித்தாப்பு' என்று எழுதினேன். குரல் தானாக நிமிர்ந்துவிட்டது.

பிறகு இருவரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அந்த வரியை வாசிக்கும்போது எனக்கும் நிஜமாகவே சிரிப்பு வந்து, கையிலிருந்த தாள் சரசரத்துவிட்டது. மறுபடி எடுத்தோம். சுத்தமாகத்தான் வந்தது, ஆனால் குரலில் சிரிப்பு இல்லை. தாள் சத்தத்தோடு முதலாவதையே வைத்துக்கொண்டோம்.