அந்தப் பந்துல இருக்குற ஓட்டை

கூப்பர்ஸ்டவுன்ல இருக்குற பேஸ்பால் ஹால் ஆஃப் ஃபேம் மியூசியத்துக்கிட்ட ஒரு பந்து இருக்கு. பேரி பாண்ட்ஸ் 2007 ஆகஸ்ட் 7 அன்னிக்கு சான் ஃபிரான்சிஸ்கோல அடிச்ச 756-வது ஹோம் ரன் (நம்ம கிரிக்கெட் சிக்ஸர் மாதிரி, வேலியத் தாண்டிப் போற அடி) பந்து, அதாவது ஆயுசு மொத்தத்துக்கும் ஹேங்க் ஆரன் அடிச்ச 755-ங்குற ரெக்கார்டத் தாண்டின பந்து. அத மார்க் எக்கோன்னு ஒரு ஃபேஷன் டிசைனர் 7 லட்சத்து 52 ஆயிரத்து சொச்சம் டாலருக்கு ஏலத்துல எடுத்து, இத என்ன பண்ணலாம்னு இன்டர்நெட்ல ஓட்டுக்கு விட்டாரு. அப்படியே மியூசியத்துக்குக் குடுக்கலாமா, நட்சத்திரக் குறி (ஸ்டீராய்டு போட்டு அடிச்சதோன்னு சந்தேகம் இருக்குற ரெக்கார்டுன்னு அர்த்தம்) போட்டுக் குடுக்கலாமா, இல்ல ராக்கெட்ல வச்சு விண்வெளிக்கு அனுப்பிடலாமான்னு மூணு சாய்ஸ். ஜெயிச்சது நட்சத்திரக் குறி. பந்தோட தோல்லயே அந்தக் குறிய வெட்டித்தான் குடுத்திருக்காங்க.

போட்டோல அந்தப் பந்தப் பாக்குறப்பல்லாம் எனக்கு ஒரு மாதிரி இருக்கும். ஆள் மேல கோவம்னா ஆளத் திட்டுங்க, பந்து என்னய்யா பண்ணுச்சு?

இந்த விஷயத்துல எனக்கும் என் ஃப்ரெண்ட் ஒருத்தனுக்கும் பல வருஷச் சண்ட. அவன் பக்கா பேஸ்பால் வெறியன், என்னய இந்த ஆட்டத்துக்குள்ள இழுத்து விட்டதே அவன்தான். ஸ்டீராய்டு போட்டவன் ரெக்கார்டு எல்லாத்தையும் அழிச்சிடணும், சந்தேகம் இருந்தாலே போதும், நெருப்பில்லாம புகையாதுன்னுவான். நான் ஒரு நம்பரையும் தொடக்கூடாதுங்குற கட்சி. அதுக்காக நான் பாண்ட்ஸ் ரசிகன்னு நெனச்சிடாதீங்க, அந்த 73 (2001-ல ஒரே சீசன்ல அடிச்சது) எனக்கும் இனிக்கல. இனிக்கலங்குறது வேற, அழிக்கணும்ங்குறது வேற.

மொதல்ல 1998-ஐச் சொல்லணும், இல்லன்னா எதுவும் புரியாது. 1994-ல ஆட்டக்காரங்க வேலைநிறுத்தம் பண்ணி, சாம்பியன் யாருன்னு முடிவு பண்ற வேர்ல்டு சீரிஸே நடக்கல, ஜனங்க வெறுத்துப் போயிட்டாங்க, ஸ்டேடியத்துல சீட்டுங்க காலியாக் கெடந்துச்சு. அப்பதான் மார்க் மெக்வையரும் சாமி சோசாவும் ஒரே சீசன்ல ரோஜர் மாரிஸ் அடிச்ச 61 ஹோம் ரன் ரெக்கார்டத் துரத்த ஆரம்பிச்சாங்க, ஒட்டுமொத்த நாடும் டிவி முன்னாடி ஒக்காந்துடுச்சு. செப்டம்பர் 8, செயின்ட் லூயிஸ், மெக்வையரோட 62-வது. அந்த வீடியோவ எத்தன தடவ பாத்திருப்பேன்னு கணக்கே இல்ல. வானத்தக் கிழிச்சுட்டுப் போற அடியெல்லாம் இல்ல அது, வெறும் 341 அடி, அந்த சீசன்ல அவரு அடிச்சதுலயே குட்டி ஹோம் ரன், இடது பக்கச் சுவர ஒட்டித் தாழ்வாப் போய் விழுந்துச்சு. சந்தோஷத்துல மனுஷன் முதல் பேஸ (ஹோம் ரன் அடிச்சாலும் எல்லா பேஸையும் மிதிச்சாகணும்) மிதிக்காமலே தாண்டிட்டாரு, கோச் புடிச்சு நிறுத்துனதும் திரும்பி வந்து மிதிச்சிட்டுப் போனாரு. எதிர் டீம்ல ஆடுற சோசா ரைட் ஃபீல்டுலேர்ந்து ஓடி வந்து கட்டிப்புடிக்கிறாரு, கூட்டத்துல ஒக்காந்திருந்த மாரிஸோட பிள்ளைங்கள மெக்வையர் போய்க் கட்டிப்புடிக்கிறாரு. இப்ப பாத்தாலும் எனக்குப் புல்லரிக்கும், பொய் சொல்ல மாட்டேன்.

இதுல கொடும என்னன்னா, அதுக்கு ரெண்டு மூணு வாரம் முன்னாடியே ஒரு ரிப்போர்ட்டர் அவரு லாக்கர்ல ஆண்ட்ரோஸ்டெனடயோன்னு ஸ்டீராய்டு மாதிரியான ஒரு மருந்து பாட்டிலப் பாத்து எழுதிட்டாரு. ஒளிச்சு வச்சதெல்லாம் இல்ல, எல்லார் கண்ணுக்கும் தெரியற மாதிரி ஷெல்ஃப்ல இருந்துச்சு. ஒலிம்பிக்ல தடை, அமெரிக்கன் ஃபுட்பால்ல தடை, பேஸ்பால்ல தடை இல்ல, கடைல போய் யார் வேணா வாங்கலாம். அப்ப ஊர் யாரத் திட்டுச்சு தெரியுமா? அத எழுதின ரிப்போர்ட்டர! அடுத்தவன் லாக்கர எதுக்குய்யா எட்டிப் பாத்தன்னு. அதெல்லாம் இல்ல, ஸ்டீராய்டே எடுத்தேன்னு மெக்வையர் ஒத்துக்கிட்டது 2010-ல. பன்னெண்டு வருஷம் கழிச்சு.

ரூல் என்ன சொல்லுச்சுன்னா, 1991-லயே பேஸ்பால நிர்வாகம் பண்ற கமிஷனர் ஃபே வின்சென்ட் ஸ்டீராய்டு கூடாதுன்னு எல்லா டீமுக்கும் ஒரு மெமோ அனுப்பிட்டாரு. அனுப்பினதோட சரி. டெஸ்ட் கெடையாது, தண்டன கெடையாது. 2003-ல முதல் தடவையா டெஸ்ட், அதுவும் பேர் வெளிய வராது, எவ்ளோ பேர் எடுக்கறாங்கன்னு பாக்க மட்டும். 5 சதவீதத்துக்கு மேல போனாத்தான் நெசமான டெஸ்ட் வரும்னு ஒப்பந்தம், தாண்டிடுச்சு. 2005-ல கூட முதல் தடவ மாட்டினா 10 நாள் சஸ்பென்ஷன், அவ்ளோதான். ரஃபேல் பல்மேரோ அந்த மார்ச்ல அமெரிக்க காங்கிரஸ் கமிட்டி முன்னாடி விரல நீட்டி நான் எப்பவுமே எடுத்ததில்லன்னு அடிச்சுச் சொல்லிட்டு ஆகஸ்ட்ல மாட்டினாரே, அவருக்கும் அதே 10 நாள்தான். இப்ப முதல் தடவ 80 மேட்ச், ரெண்டாவது 162, மூணாவது தடவ ஆயுசுக்கும் தடை.

சரி, ஸ்டீராய்டு ஊசி போட்டா அடி பறக்குமா? இந்த எடத்துல ரெண்டு பக்கமும் ஓவராப் பேசுவாங்க. ஊசி போட்டா நீயும் நானும் மணிக்கு 95 மைல்ல வர்ற பந்த அடிச்சிடுவோமான்னு ஒரு குரூப். அடிக்க முடியாதுதான், பந்து கைய விட்டுக் கெளம்பி அரை செகண்டு கூட ஆகாது, அதுக்குள்ள அது நேரா வருதா வளையுதான்னு கண்ணு சொல்லணும், மருந்து அந்தக் கண்ணத் தராது. ஆனா ஏற்கனவே அந்தக் கண்ணு இருக்குறவனுக்கு பேட் வேகம் கொஞ்சூண்டு கூடினாப் போதும், வேலிக்குப் பத்தடி முன்னாடி கேட்ச் ஆகவேண்டியது வேலிக்கு அந்தப் பக்கம் விழுந்துடும். எல்லையில நடக்குற ஆட்டம் இது, அதனாலதான் சின்ன லாபம் கூட பெருசாத் தெரியுது. அத விட முக்கியமா ஒடம்பு சீக்கிரம் தேறும். ஆறு மாசத்துல 162 மேட்ச், ஆகஸ்ட் வந்தா எல்லாரும் நொந்து போயிருப்பாங்க, அப்பவும் ஒருத்தன் ஏப்ரல் மாதிரி ஆடினான்னா?

பாண்ட்ஸ் கதையில என்னய உறுத்துறதும் அதுதான். 1990, 92, 93-னு மூணு எம்விபி (அந்த வருஷத்தோட சிறந்த ஆட்டக்காரர் விருது), ஒடம்பு ஒல்லியா இருந்தப்பவே ஹால் ஆஃப் ஃபேம் ஆட்டம் ஆடினவரு. அப்புறம் முப்பத்தஞ்சு தாண்டி, மத்தவங்க ரிட்டயர்மென்ட் யோசிக்கிற வயசுல, 73. 2004-ல அவருக்கு பந்து போடவே பயந்துக்கிட்டு 232 தடவ வாக் (அடிக்க முடியாத மாதிரி பந்து போட்டு முதல் பேஸுக்கு சும்மா அனுப்புறது) குடுத்தாங்க, அதுல 120 வேணும்னே குடுத்தது. ஆட்டக்காரங்களுக்கு ஸ்டீராய்டு சப்ளை பண்ணின பால்கோங்குற கம்பெனி மேல வந்த கேஸ்ல, கிராண்ட் ஜூரி முன்னாடி, பூசிக்கிட்டதும் குடிச்சதும் வலிக்குத் தடவுற க்ரீமும் ஆளிவிதை எண்ணெயும்னு நெனச்சேன்னாரு. இத நம்பறதுக்கு நான் ரெடி இல்ல. ஆனா நான் நம்பாததால 73-லேர்ந்து எத்தனயக் கழிக்கிறது? பத்தா, இருவதா? இதத்தான் ஃப்ரெண்டுகிட்ட கேப்பேன், ஒரு நம்பர் சொல்லுடான்னு. சொல்ல மாட்டான்.

அதோட பந்து போட்டவன் மட்டும் சுத்தமா? 2007 டிசம்பர்ல வந்த மிட்செல் ரிப்போர்ட்ல (பேஸ்பால்ல ஸ்டீராய்டு பத்தின விசாரணை அறிக்கை) 89 பேரு, அதுல பிட்சருங்க ஏகப்பட்ட பேரு, 354 வெற்றி எடுத்த ரோஜர் கிளெமன்ஸ் உட்பட. (அவரு மறுத்தாரு, பொய் சாட்சி கேஸ்ல 2012-ல விடுதலையும் ஆயிட்டாரு.) ஊசி போட்ட பிட்சர ஊசி போட்ட பேட்டர் அடிச்சா நட்சத்திரத்த யார் தலையில வைக்கிறது?

சந்தேகம்ங்குறது இன்னும் மோசம். பிரேடி ஆண்டர்சன்னு ஒரு ஆட்டக்காரரு, 1996-ல 50 ஹோம் ரன். அதுக்கு முன்னாடி அவரோட பெஸ்ட் 21, அடுத்த வருஷம் 18. நம்பரப் பாத்தா யாருக்கும் புருவம் தூக்கும், ஆனா அவரு மேல எதுவுமே நிரூபணம் ஆகல, மிட்செல் ரிப்போர்ட்லயும் பேரு இல்ல. 1961-ல 61 அடிச்ச மாரிஸும் வேற எந்த வருஷமும் 40-ஐத் தொட்டதில்ல, அவர யாராவது கேக்குறாங்களா? மைக் பியாஸான்னு இன்னொரு ஆட்டக்காரர முதுகுல பரு இருந்துச்சுன்னு சொல்லியே சந்தேகப்பட்டாங்க, பரு! அவரு ஹால் ஆஃப் ஃபேம் உள்ள போறதுக்கு நாலு வருஷம் ஆச்சு.

ஹால் ஆஃப் ஃபேம் ஓட்டப் பாத்தா ஒரு கண்ணுல வெண்ணெய் ஒரு கண்ணுல சுண்ணாம்புதான். 2022-ல ரிப்போர்ட்டருங்க ஓட்டுல பாண்ட்ஸுக்குக் கடைசி சான்ஸ், பத்தாவது வருஷம், 66 சதவீதம், வேண்டியது 75. அதே வருஷம் டேவிட் ஆர்டிஸ் முதல் தடவையிலயே 77.9 வாங்கி உள்ள போயிட்டாரு. அந்த 2003 ரகசிய டெஸ்ட்ல ஆர்டிஸ் பேரும் இருந்துச்சுன்னு 2009-ல பத்திரிகைல வந்துது, அந்த லிஸ்டையே முழுசா நம்ப முடியாதுன்னு அப்புறம் கமிஷனரே சொன்னாரு, சரி, ஒத்துக்கறேன். ஆனா ஆர்டிஸ் சிரிச்சுப் பேசுற மனுஷன், பாண்ட்ஸ் ரிப்போர்ட்டருங்களப் பாத்தாலே சள்ளுன்னு விழுவாரு, ஓட்டுப் போடுறது அந்த ரிப்போர்ட்டருங்கதான். இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்லன்னா நம்பிக்கிறேன் போங்க. இதுக்கெல்லாம் மேல, இந்தக் கூத்து மொத்தமும் நடந்தப்ப கமிஷனரா இருந்த பட் சீலிக் 2017-லயே ஹால் ஆஃப் ஃபேம் உள்ள போயிட்டாரு. கல்லாவுல ஒக்காந்திருந்தவருக்கு மாலை.

அந்தக் காலத்து ஜாம்பவான் பேப் ரூத்தோட 714 ஹோம் ரன்னும் 1947-க்கு முன்னாடி கறுப்பின ஆட்டக்காரங்கள வெளிய நிறுத்தி வச்சுட்டு அடிச்சதுதானேன்னு நான் ஆரம்பிப்பேன், அறுவதுகள்ல ஆம்ஃபெட்டமின் மாத்திரை முழுங்காத டீம் எது, அதுக்குத் தடை வந்ததே 2006-லதானேன்னும் கேப்பேன். ஒரு நாள் ஃப்ரெண்ட் சொன்ன பதில் என்னய மடக்கிடுச்சு. ரூத் காலத்து அநியாயம் உள்ள ஆடின எல்லாருக்கும் ஒண்ணு, ஊசி அப்படி இல்ல, பக்கத்து லாக்கர்க்காரன் போடுறான் நான் போடல, அப்ப என் எடம் போச்சுன்னான். அதுக்கு எங்கிட்ட இன்னிக்கு வரைக்கும் பதில் இல்ல. மாரிஸுக்கு நட்டம், ஆரனுக்கு நட்டம்னு எல்லாரும் பொலம்புறாங்க, அவங்க பேரு எங்கயும் போயிடல. போனது கீழ்மட்ட மைனர் லீக்ல அஞ்சாறு வருஷம் பஸ்ல சுத்திட்டு, தப்பு பண்ண மாட்டேன்னு நின்னு, 25 பேர் டீம் லிஸ்ட்ல 26-வது ஆளா வந்து விழுந்தானே அவன். அவனுக்கு ரெக்கார்டே கெடையாது, நட்சத்திரம் போடக் கூட எடமில்ல.

2003 மார்ச்ல சிகாகோ வைட் சாக்ஸ் டீம்ல ஒரு டஜனுக்கு மேல ஆளுங்க, டெஸ்டுக்கு வரமாட்டோம்னு நிக்கலாமான்னு யோசிச்சாங்க. ஏன்னா வராதவன் கணக்குல எடுத்தவனாச் சேருவான், எடுத்தவங்க எண்ணிக்க 5 சதவீதத்தத் தாண்டும், நெசமான டெஸ்ட் வந்துடும். சுத்தமா ஆடுறவங்க தங்களயே அழுக்குன்னு எழுதிக்கப் பாத்தாங்க! யூனியன் பேசி நிறுத்திடுச்சு. இத நான் படிச்சப்ப கொஞ்ச நேரம் ஃபோன கீழ வச்சுட்டேன்.

ஒண்ணு சொல்ல மறந்துட்டேன், மாரிஸோட 61-க்கு நட்சத்திரக் குறி போட்டாங்கன்னு சொல்ற சமாச்சாரமே ஒரு கட்டுக்கதை. மாரிஸ் ரூத்தோட ஒரு சீசன் ரெக்கார்டத் துரத்தினப்ப, ரூத் 154 மேட்ச் சீசன்ல அடிச்சத 162 மேட்ச் சீசன்ல தாண்டினா தனியாத்தான் எழுதணும்னு கமிஷனர் ஃபோர்ட் ஃப்ரிக் சொன்னாரு, அவரு ரூத்தோட பழைய சிநேகிதரு வேற. ஆனா எந்தப் புக்லயும் நட்சத்திரம் போடல, சும்மா ரெண்டு வரியாப் பிரிச்சு எழுதினாங்க. 1991-லதான் அந்தப் பிரிவினையையும் எடுத்தாங்க, மாரிஸ் 1985-லயே செத்துட்டாரு.

2022-ல ஆரன் ஜட்ஜ்னு ஒரு ஆட்டக்காரரு ஒரே சீசன்ல 62 அடிச்ச ராத்திரி ஃப்ரெண்ட் மெசேஜ் அனுப்பினான், இதாண்டா நெஜ ரெக்கார்டுன்னு. மாரிஸோட மகனே அப்படித்தான் சொன்னாரு. அது ரெண்டு லீக்ல ஒண்ணான அமெரிக்கன் லீக் ரெக்கார்டு மட்டும், மொத்த ரெக்கார்டு இன்னமும் பாண்ட்ஸோட 73-தான்னு நான் பதில் போட்டேன். ரொம்ப நேரம் டைப் பண்ணிட்டே இருந்தான். கடைசியில வந்தது ஒரே ஒரு நட்சத்திரக் குறி.