எம்ஜிபி-க்குள் ரோவர் வி8: வீட்டுக் கராஜில் செய்வோருக்கு

இங்கிலாந்தில் எம்ஜி கம்பெனியின் பழைய ஸ்போர்ட்ஸ் காரான எம்ஜிபி வைத்திருப்பவர்களில் பலருக்கு ஒருநாள் இந்த ஆசை வந்துவிடும்: 1798 சிசி நாலு சிலிண்டரைக் கழற்றிவிட்டு, அந்த இடத்தில் ரோவர் கார்களின் 3528 சிசி வி8-ஐ (வி வடிவில் எட்டு சிலிண்டர் உள்ள எஞ்சின்) உட்கார வைத்தால் என்ன? 1970-களின் தொடக்கத்தில் கென் காஸ்டெல்லோ இதையே தொழிலாகச் செய்து விற்றார். 1973-ல் எம்ஜி கம்பெனியும் எம்ஜிபி ஜிடி வி8 என்று இறக்கியது. 1976-ல் நிறுத்துவதற்குள் 2,591 கார்கள் வெளிவந்தன. அத்தனையும் கூரை போட்ட கூபே. திறந்த காரில் வி8 வேண்டுமென்றால் அன்று காஸ்டெல்லோவிடம் போக வேண்டும், அல்லது நாமே செய்துகொள்ள வேண்டும்.

பெரிய எஞ்சின் என்றதும் மூக்கு கனத்துவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. எம்ஜியின் நாலு சிலிண்டர் முழுக்க வார்ப்பிரும்பு. ரோவர் வி8 பிளாக்கும் ஹெட்டும் அலுமினியம். 1961-ல் அமெரிக்காவில் பியூக் கார்களுக்காக வந்த வடிவமைப்பு அது. கொள்ளளவு ஏறக்குறைய இரட்டிப்பாக இருந்தும் சுமார் 18 கிலோ லேசு. 1967 முதல் 1969 வரை அதே கம்பெனி விற்ற எம்ஜிசி காரில் 2912 சிசி இரும்பு ஆறு சிலிண்டரைத் திணித்து, முன்பாரத்துக்காகவே திட்டு வாங்கினார்கள். அந்தச் சிக்கல் இங்கே இல்லை.

இங்கே சிக்கல் இடம். அதுவும் வலது பக்கம். வலப்பக்க ஸ்டியரிங் உள்ள காரில் ஸ்டியரிங் ஷாஃப்ட், ஸ்டார்ட்டர் மோட்டார், வலது எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டு மூன்றும் ஒரே மூலைக்கு அடித்துக்கொள்ளும். இந்த மூலை தீர்ந்தால் பாதி வேலை தீர்ந்தது. ஆகையால் எஞ்சினைத் தேடும் முன் காரைப் பாருங்கள்.

1974 இலையுதிர் காலத்துக்குப் பிறகு வந்த ரப்பர் பம்பர் கார்களின் எஞ்சின் அறை பெரும்பாலும் வி8-க்கு ஒத்துவரும். தொழிற்சாலையில் நாலு சிலிண்டர், வி8 இரண்டு வகையும் ஒரே வரிசையில் வந்ததால் கிடைத்த சலுகை. 1977 மாடலிலிருந்து ரேடியேட்டரையும் முன்னுக்குத் தள்ளி மின்விசிறி வைத்துவிட்டார்கள். குரோம் பம்பர் கார் அழகுதான், ஆனால் ஸ்டியரிங் ஷாஃப்ட்டைச் சுருக்கி யுனிவர்சல் ஜாயின்ட்டை இடம் மாற்ற வேண்டும், எஞ்சினைத் தாங்கும் மவுன்ட்டுகளைப் புதிதாகச் செய்ய வேண்டும், ரேடியேட்டரை நகர்த்த வேண்டும். முதன்முறை செய்பவருக்கு ரப்பர் பம்பர் காரே மேல். பம்பர் பிடிக்காவிட்டால் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

இனி எஞ்சின். 3.5, 3.9, 4.6 லிட்டர் எல்லாமே வெளி அளவில் கிட்டத்தட்ட ஒன்றுதான். 3.5-ன் போர் (சிலிண்டரின் உள் விட்டம்) 88.9 மில்லிமீட்டர், 3.9-ல் அதை 94 ஆக்கினார்கள், ஸ்ட்ரோக் (பிஸ்டன் நகரும் தூரம்) அதே 71.1. போரைப் பெரிதாக்கியதால் லைனருக்கு (சிலிண்டரின் உட்குழல்) பின்னால் அலுமினியச் சுவர் மெலிந்தது. ஒருமுறை நன்றாகச் சூடேறிய 3.9 அல்லது 4.6 பிளாக்கில் அந்த இடத்தில் விரிசல் விட்டு, தண்ணீர் மெல்ல சிலிண்டருக்குள் கசியும். வெளியே எதுவும் தெரியாது. ஹெட் கேஸ்கெட் என்று நினைத்து மாற்றிக்கொண்டே இருப்பீர்கள். வாங்கும் முன் பிளாக்கைப் பிரஷர் டெஸ்ட் செய்ய முடியாவிட்டால் 3.5-ஓடு நிற்பது புத்திசாலித்தனம். ரோவர் எஸ்டி1 காரின் 3.5 எஞ்சின் 9.35 கம்ப்ரெஷனில் 155 குதிரைத்திறன் தரும். ஜிடி வி8-ல் இருந்ததே 137-தான். அதுவே மணிக்கு 200 கிலோமீட்டரைத் தொட்டது.

பழைய எஞ்சினில் முதலில் தேயும் உறுப்பு வால்வுகளைத் திறக்கும் கேம்ஷாஃப்ட். ஆயில் மாற்றாமல் ஓட்டிய எஞ்சினில் கருப்புக் களிம்பு சேர்ந்து, கேமின் மேடான லோபும், அது தள்ளும் லிஃப்டரும் ஒன்றையொன்று தின்றிருக்கும். இன்லெட் மேனிஃபோல்டைக் கழற்றி, நடுவில் உள்ள தகரக் கேஸ்கெட்டைத் தூக்கினால் லிஃப்டர்கள் கண்ணில் படும். அடிப்பாகம் குழிந்திருந்தால் கேம், லிஃப்டர், டைமிங் செயின் மூன்றும் சேர்த்து மாற்றுங்கள். புதுக் கேமுக்குப் பழைய லிஃப்டர் போடுவது புதுக் கேமைக் கொல்லும் வழி. ராக்கர் ஷாஃப்ட்டின் அடிப்பக்கத்தையும் நகத்தால் தடவிப் பாருங்கள், தேய்ந்திருந்தால் படி தட்டுப்படும்.

முந்தைய எஞ்சின்களில் ஒவ்வொரு ஹெட்டுக்கும் 14 போல்ட். வெளி வரிசையில் இருக்கும் நாலு போல்ட்டையும் மற்றவை போல முறுக்கினால் ஹெட் அந்தப் பக்கம் சாய்ந்து, உட்பக்கம் கேஸ்கெட் விட்டுக்கொடுக்கும். ரோவரே பின்னாளில் 10 போல்ட்டுக்கு மாறியது இதனால்தான். அந்த நாலையும் ஒப்புக்கு முறுக்கினால் போதும். போல்ட் துளைகளில் தண்ணீரோ ஆயிலோ தேங்கியிருக்கக் கூடாது. மேலிருந்து போல்ட் அழுத்தும்போது அடைபட்ட திரவத்துக்குப் போக வழியில்லாமல் அலுமினியம் பிளக்கும். மெல்லிய தகரக் கேஸ்கெட்டுக்குப் பதில் தடித்த காம்போஸிட் போட்டால் கம்ப்ரெஷன் குறையும் என்பதையும் கணக்கில் வையுங்கள்.

இன்னொரு சிக்கல், ஆட்டோமேட்டிக் காரிலிருந்து வந்த எஞ்சின். சந்தையில் கிடைப்பவற்றில் நிறைய அப்படித்தான். கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் கியர்பாக்ஸ் ஷாஃப்ட்டின் நுனியைத் தாங்கும் ஸ்பிகாட் புஷ் அதில் இருக்காது. ஃப்ளைவீலும் கிளட்ச்சும் வாங்கி மாட்டி, எஞ்சினைக் கியர்பாக்ஸோடு சேர்க்கும்போதுதான் பலருக்கு இது தெரியவரும். டார்ச் அடித்துப் பார்க்க ஒரு நிமிடம் போதும்.

கியர்பாக்ஸுக்கு எஸ்டி1-ன் ஐந்து கியர் எல்டி77 இயல்பான ஜோடி. பெல் ஹவுசிங் (கிளட்ச்சை மூடும் கூடு) நேராகப் பொருந்தும். ஆனால் எம்ஜிபி-யின் டனல் (கியர்பாக்ஸ் உட்காரும் தரை மேடு) அதற்குக் குறுகல். சில இடங்களில் தட்டி விரிக்க வேண்டும், சில இடங்களில் வெட்டி ஒட்டுப்போட வேண்டும். பின் மவுன்ட்டுக்குப் புதிய குறுக்குச் சட்டம், அளவெடுத்து வெட்டி பேலன்ஸ் செய்த புரொப்பல்லர் ஷாஃப்ட், கியர் லீவருக்குப் புதிய துளை இவையும் உண்டு. எம்ஜிபி-யின் நாலு கியர் பெட்டியை வைத்தே ஓட்டலாமே என்று கேட்பவர்களுக்கு: ஜிடி வி8-ல் அதைத்தான் பலப்படுத்திப் போட்டார்கள், அதுவே இந்த டார்க்குக்குத் திணறியது.

சோதனைப் பொருத்தத்துக்கு முழு எஞ்சினைத் தூக்கி இறக்காதீர்கள். உள்ளுறுப்பு எதுவும் இல்லாத வெறும் பிளாக், அதில் இரண்டு ஹெட், சம்ப் (அடியிலுள்ள ஆயில் தொட்டி), முன் கவர், மேனிஃபோல்டு, ஸ்டார்ட்டர், பெல் ஹவுசிங், காலிக் கியர்பாக்ஸ் கூடு ஆகியவற்றைப் பூட்டிக்கொள்ளுங்கள். இரண்டு பேர் அசைத்து நகர்த்தும் எடைதான் இருக்கும். எத்தனை முறை வேண்டுமானாலும் இறக்கி ஏற்றலாம். இந்த நிலையிலேயே சம்புக்கும் குறுக்குச் சட்டத்துக்கும் நடுவே, ஆயில் பம்புக்கும் ஆன்ட்டி ரோல் பாருக்கும் நடுவே, ஸ்டியரிங் ஷாஃப்ட்டுக்கும் எக்ஸாஸ்டுக்கும் நடுவே இடைவெளி பாருங்கள். ரப்பர் மவுன்ட்டில் எஞ்சின் குலுங்கும், ஆக்ஸிலரேட்டர் கொடுத்தால் ஒருபக்கம் சாயும்; அதனால் எங்கும் 12 மில்லிமீட்டருக்குக் குறையாமல் விடுங்கள். ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசிவரை திருப்பிப் பார்க்காமல் எதையும் வெல்டு செய்யாதீர்கள். பம்பின் அடியிலேயே தொங்கும் ஆயில் ஃபில்டருக்கு இங்கே இடம் கிடைக்காது. ஜிடி வி8-ல் செய்ததுபோல் குழாய் இழுத்து ஃபில்டரைத் தனியே மாட்ட வேண்டும். கியர்பாக்ஸ் முனையும் ஆக்ஸில் பினியனும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்கின்றனவா என்று கோணமானியால் அளப்பதும் இப்போதுதான். இரண்டுக்கும் ஒரு டிகிரிக்கு மேல் வித்தியாசம் வந்தால் நெடுஞ்சாலை வேகத்தில் இருக்கை அதிரும், டயர்க்காரரைத் திட்டிக்கொண்டிருப்பீர்கள்.

எக்ஸாஸ்டுக்கு இரண்டு வழி. பிளாக்கை ஒட்டிக் கீழே இறங்கும் மேனிஃபோல்டு ஒன்று. அது ஸ்டியரிங் ஜாயின்ட்டையும் ஸ்டார்ட்டரையும் வறுக்கும். சக்கர வளைவுச் சுவரைத் துளைத்து வெளியே வந்து பின்னோக்கித் திரும்பும் ஆர்வி8 பாணி இன்னொன்று. 1993 முதல் 1995 வரை வந்த எம்ஜி ஆர்வி8-லிருந்து அந்தப் பெயர். பானட்டுக்குள் வெப்பம் வெகுவாகக் குறையும், ஸ்பார்க் பிளக் மாற்றவும் கை நுழையும். உடலில் துளை போடுவதற்கு மனம் ஒப்பினால் இதுவே நல்லது. ஒட்டி இறங்கும் வகைதான் என்றால் சிறிய கியர்டு ஸ்டார்ட்டரும், அதற்கும் ஷாஃப்ட்டுக்கும் வெப்பத் தடுப்புத் தகடும் கட்டாயம்.

கார்புரேட்டரில் உயரம்தான் பிரச்சினை. எஸ்டி1-ன் மேனிஃபோல்டில் அதன் கார்புரேட்டர்களை அப்படியே வைத்தால் பானட் மூடாது. தொழிற்சாலை இரண்டு எஸ்யூ ஹெச்ஐஎஃப்6 கார்புரேட்டர்களைப் பின்னுக்குத் தள்ளி, ஃபயர்வால் பக்கம் வைத்தது. காஸ்டெல்லோ பானட்டில் மேடு கட்டினார். உயரம் குறைந்த மேனிஃபோல்டில் நாலு பீப்பாய்க் கார்புரேட்டர் வைப்பவர்களும் உண்டு. அவர்கள் ஏர் ஃபில்டரையும் சேர்த்து, பானட்டின் உட்புறம் களிமண் உருண்டை ஒட்டி மூடித் திறந்து அளந்துகொள்ள வேண்டும்.

டிஃபரன்ஷியலைப் பலர் கடைசியாகத்தான் யோசிக்கிறார்கள். எம்ஜிபி-யின் 3.909 விகிதம் சின்ன எஞ்சினுக்கானது. எல்டி77-ன் முதல் கியர் 3.32, பெருக்கினால் 13. வி8-ன் டார்க்குக்கு அந்தக் கியர் தேவையே இல்லை, கிளட்ச்சை விட்டதும் இரண்டாவதுக்கு மாற்ற வேண்டியிருக்கும். ஜிடி வி8-ன் 3.07 போட்டால் பெருக்கல் 10.2 ஆகும். 0.79 ஐந்தாம் கியரில் மணிக்கு 110 கிலோமீட்டர் போகும்போது 3.909-ல் 3,000 ஆர்பிஎம் சுற்றும், 3.07-ல் 2,400-க்கும் கீழே. வாங்கும்போது உங்கள் டிஃபரன்ஷியல் கேரியருக்குப் பொருந்துமா என்று கேட்டு வாங்குங்கள். முன் பிரேக்குக்கு ஜிடி வி8-ன் தடித்த டிஸ்க்கும் பெரிய காலிப்பரும் போதும்.

வயரிங்கில் இரண்டே விஷயம். ஆர்பிஎம் மீட்டர் நாலு சிலிண்டருக்கானது, திருத்தாவிட்டால் இரட்டிப்பாகக் காட்டும். இக்னிஷன் வரிசை 1-8-4-3-6-5-7-2. இதில் 5-ம் 7-ம் ஒரே பக்கம், அடுத்தடுத்த சிலிண்டர், அடுத்தடுத்துத் தீப்பொறி. அவற்றின் பிளக் வயர்கள் ஒட்டி ஓடினால் ஒன்றின் தீப்பொறி மற்றொன்றில் தூண்டப்பட்டு எஞ்சின் தடுமாறும். இரண்டையும் விலக்கிக் கட்டுங்கள்.

முதல் ஸ்டார்ட்டுக்கு முன் ஆயில் பம்ப். திறந்து மூடிய ரோவர் பம்ப் தானாக ஆயிலை உறிஞ்சாது. பம்ப் பற்சக்கரங்களைச் சுற்றியுள்ள வெற்றிடம் முழுக்க வாசலின் அடைக்க வேண்டும். கிரீஸ் கூடாது, வாசலின் ஆயிலில் கரைந்துவிடும், கிரீஸ் கரையாமல் துளைகளை அடைக்கும். பிறகு டிஸ்ட்ரிபியூட்டரைக் கழற்றி, அந்தத் துளை வழியாக டிரில்லில் மாட்டிய கம்பியால் பம்பைக் கடிகாரச் சுற்றாகச் சுழற்றுங்கள். பிரஷர் ஏறியதும் டிரில் திணறும். ராக்கர்களில் ஆயில் வரும்வரை விடாதீர்கள்.

புதுக் கேம் என்றால் ஸ்டார்ட் ஆனதும் ஐடிலில் விடக்கூடாது. 2,000 முதல் 2,500 ஆர்பிஎம்-ல் 20 நிமிடம், துத்தநாகச் சேர்மம் நிறைந்த 20டபிள்யூ-50 ஆயிலோடு. அதனால் தண்ணீர், டைமிங், பெட்ரோல் மூன்றும் முன்கூட்டியே சரியாக இருக்க வேண்டும். தண்ணீரில் பாதி ஆன்ட்டிஃப்ரீஸ். அலுமினிய எஞ்சினில் வெறும் குழாய்த் தண்ணீர் ஊற்றினால் உள்ளிருந்து அரிக்கும். சூடானபின் 2,400 ஆர்பிஎம்-ல் 30 முதல் 40 பிஎஸ்ஐ ஆயில் பிரஷர் இந்த எஞ்சினுக்கு இயல்பு. எம்ஜிபி-யின் பழைய நாலு சிலிண்டரில் 60-க்கு மேல் பார்த்துப் பழகியவர்கள் இதைக் கண்டு பதறி மறுபடி எஞ்சினைக் கழற்ற வேண்டாம்.

காகித வேலை: எஞ்சின் எண்ணும் சிசி-யும் மாறியதை டிவிஎல்ஏ-வுக்கு (பிரிட்டனின் வாகனப் பதிவு அலுவலகம்) தெரிவிக்க வேண்டும், காப்பீட்டு நிறுவனத்துக்கும் சொல்ல வேண்டும். 40 வயது கடந்த காருக்கான எம்ஓடி (ஆண்டுத் தகுதிச் சோதனை) விலக்கில், அந்த மாடலுக்குத் தொழிற்சாலையே கொடுத்த மாற்று எஞ்சின் பெரிய மாற்றமாகக் கருதப்படாது என்று அரசு வழிகாட்டி சொல்கிறது. 3.5-க்கு ஜிடி வி8 முன்னுதாரணமாக நிற்கும். விலக்கு இருக்கிறதோ இல்லையோ, எம்ஓடி சோதனைக்கு ஒருமுறை விட்டு எடுங்கள். பிரேக் குழாயையும் ஸ்டியரிங் ஜாயின்ட்டையும் வேறொருவர் கண்ணால் பார்க்க அதைவிட மலிவான வழி கிடையாது.