ஒரு ஃபெராரி, நான்கு ஆல்ஃபா, 110 யூரோ டிரைவர்

இத்தாலியின் சிசிலித் தீவுக்குப் போய் கடற்கரை பார்க்காமல் வந்த ஆள் நான்தான். எனக்கு வேண்டியிருந்தது டார்கா ஃப்ளோரியோ கார் பந்தயம் நடந்த மலைரோடு. ஒரு சுற்றே 72 கிலோமீட்டர். இன்றைக்கும் ஊர்க்காரர்கள் வண்டி ஓட்டும் சாதாரண ரோடுதான்.

பலேர்மோ நகரத்திலிருந்து ரயிலில், அந்தச் சுற்றில் வரும் செர்தா ஊருக்கு. ஸ்டேஷன் கீழே, ஊர் மலைமேல். ஞாயிறு, பஸ் இல்லை. வெளியே ஒரே ஒரு கார். முழுச் சுற்றுக்கு அதன் டிரைவர் 150 யூரோ கேட்டார். தொண்டை வறளப் பேசி 110க்கு இறக்கினேன். நம்ம காசில் 11,000 ரூபாய்க்குப் பக்கம்! அநியாயம். அதோடு காரில் ஏசியும் இல்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். 1972 பந்தயத்துக்கு ஃபெராரி அனுப்பியது ஒரே ஒரு 312 பிபி கார். எதிரே ஆல்ஃபா ரோமியோவின் 33 டிடி 3 கார்கள் நான்கு. இரண்டுமே 3 லிட்டர் எஞ்சின். ஃபெராரியில் 12 சிலிண்டர், பக்கத்துக்கு ஆறாகப் படுத்திருக்கும். கனம் தரையை ஒட்டியே இருக்கும். ஆல்ஃபாவில் வி8. எட்டு சிலிண்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வார்கள் என்றுதான் நானும் நினைத்திருந்தேன். கல்தவுதுரோ ஊர்ப்பக்கத்து ஏற்றத்தில் வளைவுக்கு மேல் வளைவாக வந்து குடலைப் பிரட்டியபோது புரிந்தது: 12 சிலிண்டரும் மூச்சுவிட்டு ஓட இங்கே இடமே இல்லை. அதற்கு புவோன்ஃபோர்னெல்லோவில் கடலோரமாக ஆறு கிலோமீட்டருக்கு மேல் நீளும் நேர்ரோடு வரவேண்டும்.

பதினொரு சுற்று, ஆறரை மணி நேரம். மெர்சாரியோவும் முனாரியும் ஃபெராரியை மாறி மாறி ஓட்டி ஜெயித்தார்கள், வெறும் 17 வினாடியில்! முனாரி அந்த ஜனவரியில்தான், இதேபோல மலைரோடுகளில் நடக்கும் மான்டே கார்லோ ராலியை ஜெயித்தவர். இந்த ரோட்டுக்கு அவரைப் பிடித்துப்போட்ட மூளைக்கு ஒரு சல்யூட். துரத்திய ஆல்ஃபாவில் ஹெல்முட் மார்கோ ஒரு சுற்றை 33 நிமிடம் 41 வினாடியில் முடித்தார். எங்கள் 110 யூரோ அண்ணனுக்கு இரண்டு மணி நேரம் ஆனது, நடுவில் காபி வேறு.

என்னைக் கேட்டால் 312 பிபிதான் உசத்தியான வண்டி. அந்த வருடம் கலந்துகொண்ட உலக சாம்பியன்ஷிப் பந்தயம் அத்தனையையும் ஜெயித்தது. ஆனால் இந்த மலையில் ஆல்ஃபா அதற்குக் கொஞ்சமும் சளைக்கவில்லை. 1975ல் அதே மெர்சாரியோ, பலேர்மோக்காரர் வக்கரெல்லாவோடு ஆல்ஃபாவில் ஏறி இங்கேயே ஜெயித்தார். அதற்குள் ஆல்ஃபாவும் 12 சிலிண்டருக்கு மாறியிருந்தது!

அதே சுற்றில் வரும் கொலெசானோ ஊரில் இந்தப் பந்தயத்துக்கென்றே ஒரு மியூசியம் உண்டு, விடாதீர்கள். அப்புறம் சாப்பாடு. செர்தா கூனைப்பூவுக்கு (ஆர்டிசோக்) பேர்போன ஊர். ஊர் நடுவில் அதற்குச் சிலையே வைத்திருக்கிறார்கள். பொரித்தது, சுட்டது, பாஸ்தாவில் போட்டது என்று வந்துகொண்டே இருந்தது. சைவக்காரர்களுக்குச் சொர்க்கம். டிரைவருக்கும் நான்தான் பில் கட்டினேன், அது தனி வயிற்றெரிச்சல். நீங்கள் போனால் பலேர்மோவிலேயே வாடகைக் கார் எடுத்துவிடுங்கள்.